ஒரு நாள் பிசகிய தேதிப்பெட்டி

ஜூன் 3, திங்கள்

அலுவலகத்துக்கு மனநல ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்து ஒன்றரை மணி நேரம் பேசவைத்தார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதினால் மன அழுத்தம் குறையுமாம். வேலையைக் குறைத்தாலும் குறையும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், திவாகரைத் தவிர. அவர் எங்கள் மேனேஜர். சிரிப்பதற்கு அவருக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும்.

என் கணவர் முரளி தன்னுடைய பம்ப் கம்பெனி டைரியைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மோட்டார் படம், பக்கத்திலேயே அதன் குதிரைத்திறன். இன்றைய பக்கத்துக்கு அரை எச்.பி. என் உற்சாகத்துக்குச் சரியான அளவு.

வாஷிங் மெஷின் மறுபடி சத்தம் போடுகிறது. ரிப்பேர் ஆள் நாளைக்கு வருகிறாராம். போன வாரமும் நாளைக்குத்தான் வருவதாக இருந்தார்.

ஜூன் 5, புதன்

புது ப்ராஜெக்ட். கோயம்புத்தூரிலும் சூலூரிலும் பொள்ளாச்சியிலும் டயாலிசிஸ் மையம் நடத்தும் ஒரு நிறுவனம். இதுவரை நோயாளிகள் போன் போட்டு நேரம் வாங்கியிருக்கிறார்கள். போனை எடுக்கும் பெண்ணுக்கு எல்லோருடைய பெயரும், யாருக்கு எந்தக் கிழமை என்பதும் மனப்பாடமாம். எவ்வளவு பின்தங்கிய ஏற்பாடு! நாங்கள் வந்துவிட்டோம், இனி இணையதளம்.

திரையில் தெரியும் முன்பக்கத்துக் காம்பொனென்டுகள் எல்லாம் என் பொறுப்பு. காம்பொனென்ட் என்றால் என்ன என்று முரளி சாப்பிடும்போது கேட்டார். பதினொரு வருடம் கழித்துக் கேட்கத் தோன்றியதே பெரிது. இணையப் பக்கத்தை மொத்தமாகக் கட்டாமல் துண்டு துண்டாகச் செய்வோம், பொத்தான் ஒரு துண்டு, பெயர் எழுதும் கட்டம் ஒரு துண்டு, தேதி பார்த்துத் தொடும் பெட்டி ஒரு துண்டு, ஒருமுறை செய்துவிட்டால் எந்தப் பக்கத்திலும் செருகிக்கொள்ளலாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் நிறம், அளவு, மொழி என்று அமைப்புகள் உண்டு. பயன்படுத்துகிறவர் எதையும் கொடுக்காவிட்டால், செய்தவர் உள்ளே வைத்துவிட்ட இயல்பான அமைப்பு வேலை செய்யும்.

"அந்த செட்டிங்க நீ தப்பா வெச்சு அனுப்பிச்சுட்டா?"

"நாங்க தப்பா வெக்க மாட்டோங்க."

"எங்க அசெம்பிளிலயும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று ரசம் ஊற்றிக்கொண்டார். அவருக்கு பம்ப் கம்பெனியில் தரச் சோதனை வேலை. யாரையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம்.

என் அணிக்கு செபாஸ்டினைக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் வங்கி மென்பொருளில் பின்பக்க வேலை பார்த்தவர். அந்தப் பிரிவை மூடிவிட்டு, முன்பக்கம் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் தள்ளிவிட்டார்கள். மனிதர் நாங்கள் வைத்து வேலை செய்யும் ஃப்ரேம்வொர்க்கின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். கையேட்டை! அதை எழுதியவர்களே அப்படிப் படித்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 10, திங்கள்

இன்று பொத்தான் காம்பொனென்ட். மூலைகள் நான்கு புள்ளி வளைய வேண்டுமா ஆறு புள்ளியா என்று ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் பேசினோம். சிறுநீரகம் பழுதானவர்கள் அந்த இரண்டு புள்ளிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். கடைசியில் அதையும் ஓர் அமைப்பாக்கிவிட்டேன், வேண்டியவர் வேண்டியபடி வளைத்துக்கொள்ளட்டும். இப்போது என் பொத்தானுக்கு இருபத்தேழு அமைப்புகள். அதில் செய்ய முடியாதது அமுக்குவது ஒன்றுதான் என்று திவாகர் சொன்னார். மேலிடம் அனுமதித்திருக்க வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

தேதிப்பெட்டி முடிந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை: அழகாக வந்திருக்கிறது. மாதம் மாறும்போது சற்றே நழுவி மாறுகிறது. நேர மண்டலத்துக்குக்கூட ஓர் அமைப்பு வைத்திருக்கிறேன், யாரும் கொடுக்காவிட்டால் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்.

இதைச் சரிபார்க்கும் வேலை செபாஸ்டினுக்கு. எல்லோரும் மேலோட்டமாகப் பார்த்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். இவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு, நிரலின் ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்: "இயல்பா இந்திய நேரத்தை வைக்கலாமே? நம்ம நோயாளிகள் எல்லாரும் இங்கேதானே இருக்காங்க. உலக நேரத்துக்கு மாத்தும்போது தேதி நழுவுமோன்னு தோணுது."

பதில் எழுதினேன்: "செபாஸ்டின், டயாலிசிஸுக்கு லண்டனிலிருந்து யாரும் வரப்போவதில்லை. கவலைப்படாதீர்கள்." எழுதிவிட்டு உரையாடலை மூடினேன். கீழே மூன்று பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். நல்ல நாள்.

ஜூன் 14, வெள்ளி

மெஷின் ஆள் வரவில்லை. கையால் துவைத்தேன். கை என்ற இந்தக் காம்பொனென்டுக்கு எந்த அமைப்பும் கிடையாது.

ஜூன் 20, வியாழன்

பதிவுப் படிவத்தை செபாஸ்டின் கட்டுகிறார். அதில் என் தேதிப்பெட்டியைச் செருக வேண்டும். காபி மெஷின் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தமயந்தி, அந்த நேர மண்டலம்... படிவத்துலருந்து நான் இந்தியான்னு குடுத்தறட்டுங்களா? எதுக்கும் இருக்கட்டும்னு."

"வேண்டாங்க. நான் உள்ள வெச்சிருக்கிறதே போதும். தேவையில்லாம அமைப்பக் குடுத்தா நாளைக்குப் படிக்கிறவங்களுக்குக் குழப்பம்."

"இல்லீங்க, நான் கையேட்டுல பாத்தப்ப..."

"செபாஸ்டின், பெட்டியச் செஞ்சது நான்."

"சரிங்க. நீங்க சொன்னாச் சரி" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். சர்க்கரை போட மறந்துவிட்டார். பின்னால் பக்கத்து மேசைப் பெண்ணிடம் இதை நடித்துக் காட்டினேன். என் நடிப்பில் அவர் இன்னும் கொஞ்சம் கூனியிருந்தார்.

ஜூன் 28, வெள்ளி

எல்லாச் சோதனையும் தேறி, திரையில் பச்சை. நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை. இத்தனை பச்சையை ஊட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

தளம் திறந்தாயிற்று. கேக் வெட்டினோம். கேக்கின் மேல் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதையும் யாரோ சரிபார்த்து கட்டைவிரல் காட்டித்தான் அனுப்பியிருப்பார்கள்.

ஜூலை 4, வியாழன்

சூலூர் மையத்திலிருந்து போன். இணையத்தில் பதிவு செய்துவிட்டு இன்று வந்த சிலருடைய பெயர் இன்றைய பட்டியலில் இல்லையாம். தேதியைத் தப்பாகத் தொட்டிருப்பார்கள் என்றார் திவாகர். நானும் அதையேதான் சொன்னேன். மக்கள் தொடுதிரையைத் தொடுவதைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

சாயங்காலம் மாவு அரைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

தேதியைத் தப்பாகத் தொடவில்லை.

பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன், அந்த வேகத்துக்காவது யாராவது பாராட்ட வேண்டும். ஒருவர் நான்காம் தேதியைத் தொட்டால் பெட்டி அதை நான்காம் தேதி பிறக்கும் நேரம், அதாவது நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்கிறது. அனுப்பும்போது அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே இன்னும் முந்தைய நாள் மாலை ஆறரை. பிறகு மணியை வெட்டிப் போட்டுவிட்டு தேதியை மட்டும் அனுப்புகிறது: மூன்று. திரையில் நான்கு, பட்டியலில் மூன்று. எங்கள் சோதனைகள் ஓடும் கணினியின் கடிகாரமே உலக நேரத்தில் இருக்கிறது. அதனால் அங்கே எல்லாம் பச்சை.

நேற்றைக்கென்று இணையத்தில் பதிந்தவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். புதன்கிழமை அவர்கள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். நேற்று வந்தவர்களில் பலருக்கு எப்படியோ இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு முடியவில்லை, நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலை மூச்சு முட்டி அவரைத் தீவிர சிகிச்சையில் சேர்த்திருக்கிறார்களாம். ஐம்பத்திரண்டு வயது. விசைத்தறி ஃபிட்டர்.

திருத்தம் ஒரே வரி. செபாஸ்டினின் படிவத்தில், தேதிப்பெட்டிக்கு இந்திய நேரம் என்ற அமைப்பைக் கொடுத்தேன். பெட்டிக்குள் கை வைக்கவில்லை. இதுதான் விரைவான வழி.

கையோடு பழைய உரையாடல்களையும் கொஞ்சம் சுத்தம் செய்தேன். நிரல் களஞ்சியத்தில் தேவையில்லாத குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. யாராவது பெருக்கித்தானே ஆக வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

விசாரணைக் கூட்டம். யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல என்று திவாகர் தொடங்கினார். அப்படித் தொடங்கும் கூட்டங்களில் முடிவு முன்பே எழுதித் தயாராக இருக்கும்.

திரையில் மாற்றங்களின் வரலாறு. செபாஸ்டினின் படிவம், அதில் நேர மண்டலம் இல்லை. வெள்ளிக்கிழமை நான் சேர்த்த ஒரு வரி, உடனே சரி. ஒரு படம் ஆயிரம் வார்த்தைகளை மறைக்கும்.

"அந்த அமைப்ப ஏன் குடுக்கல நீங்க?" என்றார் திவாகர்.

"குடுக்கலாமான்னு கேட்டனுங்க. அதுக்கும் முன்னாடி பெட்டியச் சரிபாக்கும்போதே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். இயல்பா இந்திய நேரம் வைக்கலாம்னு."

"எங்க, காட்டுங்க."

செபாஸ்டின் எழுந்து வந்து அவரே தேடினார். மேலே போனார், கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"இங்கதானுங்க இருந்துச்சு."

மின்னஞ்சலில் வந்திருக்குமே என்று யாரோ சொன்னார்கள். கவனம் சிதறுகிறது என்று அந்த அறிவிப்புகளைப் போன வருடமே நிறுத்திவிட்டார்கள். சிரிக்கும் முகம் போட்ட மூன்று பேரும் அறையில் இருந்தார்கள். அவர்களுக்கு ஞாபகம் இல்லை. தினமும் எத்தனையோ இடத்தில் சிரிக்கிறார்கள், பாவம்.

செபாஸ்டின் என்னைப் பார்த்தார். என் காபியில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

செபாஸ்டினை விலகச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது, ஆனால் நாளையிலிருந்து வர வேண்டியதில்லை. சாப்பாட்டுப் பையையும் நாற்காலியில் போட்டிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும்.

பிரச்சினையைப் பத்து நிமிடத்தில் தீர்த்ததற்காகக் குழுவின் பொது அரட்டையில் திவாகர் என்னைப் பாராட்டினார். கைதட்டும் கைகள் பதினான்கு.

ஜூலை 10, புதன்

மெஷின் ஆள் ஒருவழியாக வந்தார். பெல்ட் போயிருக்கிறது. "கம்பெனி தப்புங்களா?" என்று கேட்டேன். "கம்பெனி என்னங்க பண்ணும், நீங்க துணிய அதிகமாப் போட்டிருப்பீங்க" என்றார். எங்கள் துறைக்கு வர வேண்டியவர்.

ஜூலை 11, வியாழன்

திருத்திய படிவத்தை வரவேற்பறை ஊழியர்களுக்குக் காட்டிக்கொடுக்க என்னை சூலூருக்கு அனுப்பினார்கள். வாடிக்கையாளர் மனம் குளிர வேண்டுமாம்.

காட்டி முடித்துக் கிளம்பும்போது ஓர் அம்மா வந்து பக்கத்தில் நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது, கையில் மஞ்சள் பை, அதற்குள் மருத்துவமனைக் கோப்பு. என்னை மையத்தில் வேலை செய்கிறவள் என்று நினைத்துவிட்டார்.

"அம்மணி, ஒரு ஒத்தாச பண்ணுவீங்களா? இந்த போனுல தேதி எப்படி அமுக்கறதுன்னு இன்னொருக்காச் சொல்லிக் குடுங்."

பெயர் சாந்தாமணி. உள்ளே நாற்காலியில் படுத்திருப்பது அவர் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. விசைத்தறி ஃபிட்டர். நான்கு நாள் தீவிர சிகிச்சையில் இருந்துவிட்டு வந்தவர்.

"போன வாரம் நாந்தானுங்க பதிஞ்சேன். வியாழக்கிழமைய அமுக்குனன்னுதான் நெனச்சேன். புதன்கிழமைய அமுக்கீட்டனாட்ட இருக்குது. பேரு இல்லீன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. அவுரு அண்ணன் ஆஸ்பத்திரியில எல்லாரு முன்னாலயும் கேட்டுப்போட்டாரு, படிக்காத கழுத, உனக்கெதுக்கு போனுன்னு."

போனை வாங்கிப் படிவத்தைத் திறந்தேன்.

"ஏழாவது வரைக்கும் படிச்சேனுங்க" என்றார், அந்த அண்ணனிடம் சொல்ல முடியாததை என்னிடம்.

காட்டிக்கொடுத்தேன். விரலை வைப்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். தொட்ட பிறகு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"சரியா அமுக்குனீங்கம்மா" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வாகனம் காத்திருந்தது.

ஜூலை 12, வெள்ளி

எழுத எதுவும் இல்லை.

ஜூலை 13, சனி

இருக்கிறது.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஒரு பக்கம் விடாமல் யாரையாவது கிண்டல் செய்திருக்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதி மட்டும் பெருக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். நான் பெருக்கவில்லை. செபாஸ்டினின் குறிப்பையும் என் பதிலையும் அழித்தேன். அழிக்கும் உரிமை என் கணக்குக்கும் திவாகருடையதற்கும் மட்டும்தான் உண்டு. உறுதியாக அழிக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். அந்தப் பொத்தான் நன்றாகவே அமுங்கியது.

பெட்டிக்குள் திருத்தாமல் அவருடைய படிவத்தில் திருத்தியதும் விரைவுக்காக அல்ல. பெட்டியின் மாற்றங்களைப் பார்த்தால் என் பெயர் வரும். படிவத்தைப் பார்த்தால் அவர் பெயர். இரண்டுக்கும் ஒரே வரிதான், ஒரே நேரம்தான் ஆகியிருக்கும்.

இதை எழுதினால் மன அழுத்தம் குறையும் என்று அந்த ஆலோசகர் சொன்னாரே. அவர் நம்பர் இருந்தால் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

முரளியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன், அல்லது எல்லா கம்பெனியிலும் நடப்பதுதான் என்பார் என்று. இரண்டாவதைத்தான் எதிர்பார்த்தேன்.

"அந்தாளு வீட்டுக்குப் போய் என்னன்னு சொல்லியிருப்பாரு?"

"யாரு?"

"செபாஸ்டின். நான் எழுதுனேன், ஆனா அங்க இல்லேன்னு சொல்லியிருப்பாரா? சொன்னா யாரு நம்புவாங்க?"

பிறகு கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காம்புகூட எடுத்துக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 15, திங்கள்

திவாகரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையையும் இறக்கினார்.

"தமயந்தி, நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க."

"அழிச்சேன்னு சொல்றேன். டயர்டான்னு கேக்கறீங்க."

"காரணம் எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பியாச்சு. அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. இப்பப் போய்த் தொறந்தா செபாஸ்டினுக்கு என்ன கெடைக்கும்? எப்படியும் அவர் பேரு அடுத்த ஆள்குறைப்புப் பட்டியல்ல இருந்துச்சு."

"அவர் கேட்டது சரிங்க. நான் சொன்னதுதான் தப்பு."

"நீங்க இதச் சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. ரெண்டு நாள் லீவு போடுங்க."

இதுவும் ஓர் இயல்பான அமைப்பு. யாரும் எதையும் கொடுக்காவிட்டால், தானாகவே இப்படித்தான் வேலை செய்யும்.

ஜூலை 16, செவ்வாய்

லீவு போட்டேன். போத்தனூரில் செபாஸ்டினின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் யார் என்று தெரிந்துதான் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் செபாஸ்டின் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டியா? எழுதியிருக்கேன்."

என்னிடம் திரும்பினார். "ஒரு வாரமா எனக்கே சந்தேகங்க. எழுதணும்னு நெனச்சுட்டு எழுதாமயே விட்டுட்டனோ, வயசாயிருச்சோன்னு. டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு இவ கேட்டா. போலாம்னுகூட இருந்தோம்."

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட வாயால சொன்னீங்க, சரி. அந்தக் கூட்டத்துல பன்னெண்டு பேரு இருந்தாங்க. அவங்களுக்கு எழுதுங்க. மன்னிக்கறதெல்லாம் நான் பின்னாடி யோசிச்சுக்கறேன்."

காபி கொடுத்தார்கள். குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

எழுதினேன். அந்தப் பன்னிரண்டு பேருக்கும், மனிதவளத் துறைக்கும், டயாலிசிஸ் மையத்தின் நிர்வாகிக்கும். முதல் வரைவில் நான்கு பத்தி. உலக நேரம், சோதனைக் கணினியின் கடிகாரம், நெருக்கடியான காலக்கெடு. படித்துப் பார்த்தால் குற்றவாளி பூமியின் சுழற்சி என்றுதான் தோன்றும். எல்லாவற்றையும் வெட்டினேன். கடைசியில் ஆறு வரி. தேதிப்பெட்டியை நான் செய்தேன். அதில் தவறான நேரத்தை இயல்பாக வைத்தேன். செபாஸ்டின் எச்சரித்தார், இரண்டு முறை. கேலி செய்து ஒதுக்கினேன். பிறகு அந்த எச்சரிக்கையை அழித்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

அனுப்பும் முன்பு பெட்டிக்குள் போய் இயல்பான நேரத்தை இந்தியாவுக்கு மாற்றினேன். மாற்றத்தின் குறிப்பில் என் பெயர்.

ஜூலை 22, திங்கள்

முடிவு வந்துவிட்டது. செபாஸ்டினை விலகச் சொன்ன உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், மையத்தின் நிர்வாகி போன் போட்டுச் சத்தம் போட்ட பிறகு. அடுத்த திங்களிலிருந்து வேறு குழுவில் வேலை. எனக்கு இன்றே கடைசி நாள். மனிதவளத் துறைப் பெண் மிகவும் பரிவாகப் பேசினாள். வெளியே போகிறவர்கள் தங்கள் அனுபவத்தைப் பற்றி நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறதாம். கடைசி வேலைநாளை அதில் நானே தேர்ந்தெடுக்க வேண்டும். என் தேதிப்பெட்டி. சும்மா மாதத்தை மாற்றிப் பார்த்தேன், சற்றே நழுவியது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.

குழுவின் பொது அரட்டையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கைதட்டும் கை ஒன்றுகூட இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

மையத்தில் முகவரி கேட்டேன். தர மாட்டோம் என்றார்கள், சரிதான். சாந்தாமணி அம்மாவிடம் அவர்களே கேட்டுவிட்டு, வரச் சொன்னதாகச் சொன்னார்கள். சூலூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். முரளி வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசலில் நின்றுகொண்டார். "இது நீயே பேச வேண்டியது" என்றார்.

பக்கத்தில் எங்கோ தறி ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் இன்னும் வீங்கியிருந்தன. சாந்தாமணி அம்மா என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"சொல்லிக் குடுத்த அம்மணிதான! உக்காருங்."

உட்காராமலே சொன்னேன். அன்று நான் மையத்து ஆள் இல்லை, அந்தப் பெட்டியைச் செய்தவள். நீங்கள் தொட்டது வியாழக்கிழமையைத்தான். திரையிலும் வியாழன்தான். உள்ளே போகும்போது அது புதனாக மாறியது. நான் வைத்த அமைப்பால்தான் மாறியது. முதல் நாளே ஒருவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. பேசும்போது என் கைகள் சும்மா இல்லாமல் காற்றில் ஒரு நாள்காட்டியை வரைந்துகொண்டிருந்தன.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"அப்ப நான் சரியாத்தான் அமுக்குனனா?"

"சரியாத்தாம்மா அமுக்குனீங்க."

"அன்னைக்கு அங்கயே வெச்சு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருக்கணும்."

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, சாந்தாமணி அம்மா அலமாரி மேல் இருந்த போனை எடுத்தார். எண்ணைத் தேடி, விரலை வைத்து, சத்தமாகக் கேட்கும்படி மாற்றி என் முன்னால் நீட்டினார். அந்தப் பக்கம் ஓர் ஆணின் குரல் அதட்டலாக வந்தது.

"மாமா, நாந்தான் சாந்தாமணி பேசறேன். இங்க ஒரு அம்மணி வந்திருக்குது. அது என்ன சொல்லுதுன்னு கேளுங்" என்றவர் என்னைப் பார்த்தார். "அவரு அண்ணன். சொல்லுங்."

நேர மண்டலத்திலிருந்து தொடங்கினேன். அவர் பாதியில் வெட்டினார்.

"அந்தக் கதையெல்லாம் எனக்குப் புரியாது. தேதிய மாத்திப் போட்டது யாரு? அதச் சொல்லுங்."

"நாங்க. நாந்தான் மாத்திப் போட்டேன். அவங்க சரியாத்தான் போட்டிருந்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"கேட்டுச்சுங்களா மாமா?" என்றார் சாந்தாமணி அம்மா.

"ம்."

"சரியாக் கேட்டுச்சுங்களா? இல்ல, இன்னொருக்காச் சொல்லச் சொல்லட்டுங்களா?"

"கேட்டுது, கேட்டுது."

போனை வைத்தார். முந்தானையால் திரையைத் துடைத்தார். நான் கிளம்பலாமா என்று வாசல் பக்கம் பார்த்தேன்.

"இருங்" என்றார். "திருப்பூர்ல எம்பொண்ணுக்குப் போடறேன். அவளும் என்னையத்தான் வெய்தா."

மகளிடம் சொன்னேன். பிறகு நாச்சிமுத்துவின் தங்கையிடம் சொன்னேன். பிறகு, அன்று ஆஸ்பத்திரியில் கூட நின்றிருந்த எதிர்வீட்டுக்காரரை நேரிலேயே கூட்டி வந்தார். அவரிடமும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சாந்தாமணி அம்மா என் பக்கத்திலேயே நின்று, ஒரு வார்த்தை குறைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.